ஸ்லோவர் என்று நான் சொன்னதும் லோவர் என்று அவர் கேட்டதும்

அன்பும் மரியாதையும் சம அளவில் கொண்ட பெரிய சகலை அவர்களுக்கு,

சின்ன சகலை எழுதிக்கொண்டது. நானும் உங்கள் கொழுந்தியாளும் இங்கே கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்க, நலமாக இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் மாமனார் மாமியாரும் அங்கே அதே நிலையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கை கால் விவரமெல்லாம் கடிதத்தில் எழுதும் வழக்கம் எனக்கு முன்பு இருந்ததில்லை. போன செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு வந்திருக்கிறது. இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் ஏழு மணிக்குத் தவறாமல் போன் செய்து பாடம் கேட்டவன் ஒரு வாரமாக மூச்சுப் பேச்சில்லாமல் இருக்கிறானே என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் சொன்னால் நீங்கள் பாதியில் நிறுத்தி என் ஆங்கிலத்தைத் திருத்துவீர்கள், நான் திருத்தியதை எழுதிக்கொள்வேன், என்ன நடந்தது என்பது அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும். அந்தரத்தில் நிற்கிற எதைப் பார்த்தாலும் இப்போது நான் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொள்கிறேன். ஆகவே கடிதம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நடந்ததில் உங்கள் தவறு ஒன்றுமில்லை. விசாரணையில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். உங்களைப் பற்றி விவரமாகச் சொன்னால்தானே தவறில்லை என்பது விளங்கும் என்பதால் விவரமாகவே சொன்னேன். எங்கள் சைட்டில் இப்போது உங்களைத் தெரியாதவர்கள் இல்லை.

என் வேலை என்ன என்பது உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் மாமனாருக்குத் தெரியாது. அவர் என்னை யாருக்கு அறிமுகப்படுத்தினாலும் "சின்னவரு கிரேன்ல இருக்காரு" என்கிறார். நான் கிரேனில் இல்லை. கிரேனுக்குக் கீழே இருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகக் கீழேதான் இருக்கிறேன். கிரேன் ஓட்டுபவர் அறுபது மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பார். கட்டடத்துக்குப் பின்பக்கம் சுமை இறங்கும்போது அவருக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் வாக்கிடாக்கியில் ஏற்று, இறக்கு, இடது பக்கம், நிறுத்து என்று சொல்வேன். அவர் என்னை நம்பி நெம்புகோலைத் தள்ளுவார். கண் எனக்கு, கை அவருக்கு. இப்படி ஒரே உடம்பாகப் பதினாறு வருடம் என்னோடு வேலை செய்தவர் போன மாதம் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வந்தவர் வேறு எங்கிருந்தோ வந்தவர். தமிழில் ஒரு சொல் தெரியாது. அவருடைய மொழியில் எனக்கு ஒரு சொல் தெரியாது. அவர் பெயரைச் சரியாக உச்சரிக்க எங்களில் யாருக்கும் நாக்கு வளையாததால் "மேலே இருக்கிறவர்" என்றே எல்லோரும் சொல்லத் தொடங்கினோம். "எல்லாத்தையும் மேலே இருக்கறவரு பாத்துக்குவாரு" என்று கொத்தனார்கள் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பகீரென்று இருக்கும். ஏனென்றால் மேலே இருக்கிறவருக்குப் பின்பக்கம் ஒன்றுமே தெரியாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் பாதுகாப்பு அதிகாரி சாப்பிடும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்ற மாட்டார். அதனால் ஹெல்மெட் ஐயா. அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். இருவருக்கும் பொதுவாக ஆங்கிலம். வெறும் ஆங்கிலம் போதாதாம். "நீங்க ஸ்லோன்னு சொன்னா, அவரு ஏற்கெனவே ஸ்லோவாத்தானே போறேன்னு நெனச்சிக்குவாரு. இப்ப போறதைவிட மெதுவான்னு சொல்லணும். ஸ்லோவர். இப்ப இருக்கறதைவிடக் கீழன்னா லோவர். ஹையர், நியரர், ஃபாஸ்டர். எல்லாத்துலயும் அந்த அர் கேக்கணும்" என்றார். இரண்டு வாரத்தில் ஒரு தேர்வு, இருபது கேள்வி, பத்து சரியாக இருந்தால்தான் வாக்கிடாக்கி கையில் இருக்கும், இல்லாவிட்டால் கிடங்கில் ஆணி எண்ணப் போகலாம் என்றார். ஐம்பத்திரண்டு வயதில் ஆணி எண்ணுவதை நினைத்து நான் உங்களுக்குப் போன் செய்தேன்.

நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். "குட்டை வார்த்தைக்கு வால், நெட்டை வார்த்தைக்குத் தலைப்பாகை. டால் குட்டை, அதுக்கு அர்னு வால் ஒட்டு. டேஞ்சரஸ் நெட்டை, அதுக்கு மோர்னு தலைப்பாகை கட்டு. வாலும் தலைப்பாகையும் ஒருத்தனுக்கே போடாதே" என்றீர்கள். நோட்டில் படம் போட்டே எழுதி வைத்தேன். அதோடு விட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். மறுநாள் பிக் என்பதில் ஜி ஒன்று கூடும் என்றீர்கள். அதற்கு மறுநாள் ஹெவியின் கடைசி எழுத்து ஒய்யிலிருந்து ஐ ஆகும் என்றீர்கள். நான்காம் நாள், குட் என்பதற்குக் குட்டர் கிடையாது, பெட்டர் என்றீர்கள். பேட் என்பதற்கு வொர்ஸ் என்றீர்கள். எனக்குக் கை ஓடவில்லை. பேட் என்பதற்குத்தான் பெட்டர் வர வேண்டும், ஓசையே அப்படித்தான் இருக்கிறது. நல்லதற்குச் சேர வேண்டிய வாலைக் கெட்டதிடமிருந்து பிடுங்கிக் கொடுத்த மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, "அதை இங்கிலீஷ்காரன்கிட்ட கேளு" என்று போனை வைத்துவிட்டீர்கள். எந்த இங்கிலீஷ்காரன், எந்த நம்பர் என்று நீங்கள் சொல்லவில்லை.

ஒப்பிடுவது நமக்குப் புதிதா என்று எனக்கு அப்போதே தோன்றியது. முப்பது வருடமாக நாம் இருவரும் ஒரே வீட்டுக்கு மாப்பிள்ளைகள். வந்தவர்களிடம் மாமனார் "பெரிய மாப்பிள்ளை வாத்தியாரு" என்று சொல்வார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க சாப்பிட்டீங்களா" என்பார். அதில் அர் இல்லை, மோர் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒப்பீடு முழுமையாக இருந்தது. நம் மொழியில் அவ்வளவு சுலபமாக நடக்கிற காரியத்துக்கு அவர்கள் ஏன் இவ்வளவு ஒட்டுவேலை செய்கிறார்கள் என்று தெரியவில்லை.

வீட்டில் இருப்பவற்றை வைத்துப் பத்து வாக்கியம் எழுதச் சொன்னீர்களே, அதில் நடந்தது உங்களுக்குப் பாதிதான் தெரியும். "விட" என்பதற்கு நடுவில் தேன் என்ற சொல் வர வேண்டும், தேன் போட்டால்தான் வாக்கியம் இனிக்கும் என்று சொன்னீர்கள். நானும் நாற்காலி, மேசை, வாளி, குடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். பத்தாவது வாக்கியத்துக்குப் பொருள் கிடைக்காமல், "அக்காவை விட என் மனைவி இளையவள்" என்று தமிழில் நினைத்து, வந்த வரிசையிலேயே மொழிபெயர்த்து எழுதினேன். நம் வாக்கியத்தில் அக்கா முதலில் வருகிறாள் அல்லவா. "ஹெர் சிஸ்டர் இஸ் யங்கர் தேன் மை ஒய்ஃப்." அழகாக வந்திருக்கிறதே என்று நோட்டை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். உங்கள் கொழுந்தியாள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள் என்பதை மறந்துவிட்டேன்.

குளித்துவிட்டு வந்தால் நோட்டு அவள் கையில் இருந்தது.

"எங்கக்கா என்னைவிட ஆறு வயசு மூத்தவ" என்றாள்.

"தெரியுமே" என்றேன்.

"தெரிஞ்சும் எழுதியிருக்கீங்க" என்றாள்.

அதன் பிறகு இரண்டு நாள் பேச்சு இல்லை. ஆங்கிலத்தில் ஒப்பிடப்படுகிறவர் முன்னால் வர வேண்டும், யாரோடு ஒப்பிடுகிறோமோ அவர் தேனுக்குப் பின்னால் வர வேண்டும் என்று நீங்கள் மூன்றாம் நாள் போனில் விளக்கினீர்கள். அதை நான் ஸ்பீக்கரில் போட்டு அவளையும் கேட்க வைத்தேன். அவள் கேட்டுவிட்டு, "எந்த பாஷையில எழுதினாலும் உங்களுக்கு எங்கக்காதான் எனக்கு முன்னாடி வருவா" என்று உள்ளே போனாள். அண்ணி அந்த வாக்கியத்தை உங்களிடம் எழுதி வாங்கி வைத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். அதைத் திருப்பித் தரச் சொல்லவும்.

தேர்வில் பதிமூன்று சரி. வேகத்தைவிடப் பாதுகாப்பு முக்கியம் என்ற வாக்கியத்தில் கோடிட்ட இடத்தில் இம்பார்ட்டன்ட்டர் என்று எழுதியிருந்தேன். ஹெல்மெட் ஐயா அதை எல்லோர் முன்னிலையிலும் மெதுவாக வாசித்தார். "இப்படி ஒரு வார்த்தை இல்லைங்க" என்றார். நீங்கள் தலைப்பாகை பற்றிச் சொல்லியிருந்தீர்கள், எனக்குத்தான் அந்த நேரத்தில் வால் ஒன்றே நினைவுக்கு வந்தது. இருந்தாலும் தேறிவிட்டேன். மேலே இருக்கிறவரும் தேறிவிட்டார். அவருக்குத் தனியாக வைத்த தேர்வில் பன்னிரண்டு. என்னைவிட ஒன்று குறைவு. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம் இருந்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

இனி செவ்வாய்க்கிழமை கதை.

எங்கள் ஆபீஸ் ஓர் இரும்புக் கேபின். நான்கு பக்கமும் தகரம், ஒரு கதவு, ஒரு ஜன்னல், அடியில் நான்கு இரும்புக் கால். அதைக் கட்டடத்தின் பின்மூலையிலிருந்து முன்பக்கம் கொண்டுபோக வேண்டும். நடுவில் வண்டி நிறுத்தும் இடத்துக்கான தரை. அன்று மதியம்தான் கான்கிரீட் ஊற்றி முடித்திருந்தார்கள். கொத்தனார்கள் ஒரு மணி நேரமாகப் பலகை போட்டு இழுத்து, கரணையால் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கியிருந்தார்கள். தலைமைக் கொத்தனார் அதை நின்று பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கேபினுக்குள் ஆள் இல்லை என்று எட்டிப் பார்த்து, கதவைப் பூட்டி, சங்கிலி மாட்டினேன். ஏற்றச் சொன்னேன். அழகாக ஏறியது. லெஃப்ட் என்றேன். திரும்பியது. கொஞ்சம் வேகமாகவே திரும்பியது. தரைக்கு மேலே வந்ததும் கேபின் ஊஞ்சல் மாதிரி ஆடத் தொடங்கியது. அந்த நேரம் பார்த்துத் தலைமைக் கொத்தனார், மூலையில் ஒரு கையகலம் மேடாக இருக்கிறது என்று கரணையை எடுத்துக்கொண்டு ஓரத்தில் போய்க் குந்திவிட்டார்.

நான் வாக்கிடாக்கியை அழுத்தினேன். "ஸ்லோவர்" என்றேன்.

கேபின் இறங்கியது.

இதென்ன, ஆடாமல் போகச் சொன்னால் இறங்குகிறதே என்று, இறங்குவதையாவது மெதுவாகச் செய்யட்டும் என்று மறுபடி "ஸ்லோவர்" என்றேன். இன்னும் இறங்கியது. நான் பதறிப்போய் "ஸ்லோவர், ஸ்லோவர்" என்று அடுக்க அடுக்க, அது முன்னைவிட வேகமாக இறங்க, அது வேகமாக இறங்க இறங்க நான் ஸ்லோவரைத் தவிர வேறு எதைச் சொல்வேன், சொல்லுங்கள், கேட்பது நானாக இருந்தாலும் கொடுப்பது அவராக இருந்தாலும், எங்கள் இருவருக்கும் நடுவில் ஏதோ ஒரு பிசாசு உட்கார்ந்து நான் சொல்வதைத் தலைகீழாக மாற்றிச் சொல்வது போல இருந்தது. நிறுத்து என்று தமிழில் கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூட ஸ்டாப் என்ற சொல் தெரியும். எனக்கு அந்த நேரத்தில் வரவில்லை. இரண்டு வாரம் நீங்கள் ஏற்றி வைத்த அர் அத்தனையும் தொண்டையில் வந்து நின்றுகொண்டு வேறு எதற்கும் வழி விடவில்லை. தலைமைக் கொத்தனார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அறுபது வயது, மூட்டு வலி என்று தினமும் சொல்வார். அன்று அவர் குந்திய இடத்திலிருந்து நேராகப் பக்கவாட்டில் பாய்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் "ஸ்டாப்பர்" என்றேன்.

அப்படி ஒரு கட்டளை எந்த மொழியிலும் இல்லை. பாட்டில் மூடிக்குத்தான் அந்தப் பெயர் என்று பிறகு ஹெல்மெட் ஐயா சொன்னார். ஆனால் மேலே இருக்கிறவர் நிறுத்திவிட்டார். கேபின் நின்றுவிட்டது. நின்ற இடம் தரை. நான்கு கால்களும் கான்கிரீட்டுக்குள். பாயசத்தில் நாற்காலி போட்ட மாதிரி ஆபீஸ் நட்டநடுவில் உட்கார்ந்திருந்தது. தலைமைக் கொத்தனார் ஓரத்தில் மண்ணில் உட்கார்ந்து தன் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தூக்க ஓடினேன். "ஒண்ணும் ஆகல. மூட்டுகூட இப்ப வலிக்கல" என்றார். அவர் அப்படிச் சொன்னதும், பிடித்துத் தூக்க வந்தவன் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதை நான் அன்று எத்தனை முறை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன் என்று தெரியாது. உங்கள் பெயரையும் இரண்டு முறை சொன்னேன், வேறு தொனியில்.

விசாரணை உடனே நடந்தது. ஆபீஸ் கான்கிரீட்டில் இருந்ததால் வெளியில் நின்றபடியே நடந்தது. பொறியாளர் அம்மா வந்தார். அவர் யாரையும் அதட்ட மாட்டார், அதனால் எல்லோருக்கும் அவரிடம் பயம். மேலே இருக்கிறவர் ஏணி வழியாக இறங்கி வரப் பத்து நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றோம். கீழே வந்தவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. அப்போதுதான் அவரை முதல்முறையாக அருகில் பார்க்கிறேன். என் வயதுதான் இருக்கும்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"ஸ்லோவர்னு சொன்னேம்மா."

அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டார். அவர் நெஞ்சில் கை வைத்து, "லோவர். லோவர். மெனி டைம்ஸ் லோவர்" என்றார்.

இருவரும் பொய் சொல்லவில்லை என்பது இரண்டு முகத்தையும் பார்த்தால் தெரிந்தது. அம்மா என் கையில் வாக்கிடாக்கியைக் கொடுத்து மதில் ஓரமாகப் போய் நின்று, சற்று முன் சொன்ன மாதிரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு வாக்கிடாக்கியை நடுவில் வைத்து எல்லோரும் கேட்டார்கள். ஸ்லோவர் என்று நான் அனுப்பியது அங்கே லோவர் என்று வந்தது. ஃபாஸ்டர் என்றது ஆஸ்டர் என்று வந்தது. பொத்தானை அழுத்திய பிறகு அந்தப் பெட்டி விழித்துக்கொள்ள அரை நொடி வேண்டுமாம். நான் பதற்றத்தில் அழுத்திய கையோடு பேசியதால் முதல் எழுத்தை விழுங்கிவிட்டது. வெறும் ஸ்லோ என்று சொல்லிப் பார்க்கச் சொன்னார்கள். அது லோ என்று வந்தது. ஆக, வால் ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் ஒரே கதிதான். நீங்கள் இரண்டு வாரம் வாலைப் பற்றியே பேசினீர்கள். தலை போகும் என்று நம் இருவருக்கும் தோன்றவில்லை.

"இவருக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று ஹெல்மெட் ஐயா கேட்டார். அந்த இடத்தில்தான் உங்களைப் பற்றி விவரமாகச் சொன்னேன்.

இதற்குள் பொறியாளர் அம்மா கேபின் பக்கம் போய்க் குனிந்து அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரும்பு அளவுகோலை எடுத்துச் செருகினார். எடுத்தார். இன்னொரு காலிடம் செருகினார். "கொத்தனாரே, இங்க எட்டு அங்குலம் இருக்கணுமே. கால் அஞ்சு அங்குலத்துலயே கல்லுல தட்டி நிக்குது" என்றார். தலைமைக் கொத்தனார் எழுந்து வந்து பார்த்தார். ஓரத்தில் மட்டம் குறிக்க அடித்த முதல் முளை, மற்ற எல்லா அளவுக்கும் ஆதாரமானது, சாய்ந்திருந்தது. காலையில் கலவை வண்டி பின்னால் வரும்போது இடித்திருக்க வேண்டும். சாய்ந்த முளையை நம்பி நூல் கட்டி, அந்த நூலை நம்பி ஊற்றியிருக்கிறார்கள். முழுத் தரையும் மூன்று அங்குலம் குறைவு. மேலே தேய்த்த தேய்ப்பில் யாருக்கும் தெரியவில்லை. "நாளைக்குத் தெரிஞ்சிருந்தா கல்லாயிருக்கும். முழுசா ஒடச்சி எடுக்கணும். வண்டிங்க ஏறினப்புறம் தெரிஞ்சிருந்தா இன்னும் மோசம்" என்றார் அம்மா. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் இறுகல. இப்பவே இன்னொரு வண்டி வரவழைச்சா மேல ஊத்திடலாம். முதல்ல இந்த ஆபீஸைத் தூக்குங்க."

தூக்குவதற்கு யார் சொல்வது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஹெல்மெட் ஐயா வாக்கிடாக்கியை வாங்கினார். கிரேனை ஒரு முறை, கேபினை ஒரு முறை பார்த்தார். திருப்பி என்னிடமே கொடுத்தார். "நீங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசிக்குங்க. பத்து நிமிஷம்" என்றார் அம்மா.

நானும் மேலே இருக்கிறவரும் கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்தோம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். நான்காக மடித்தது. உள்ளே அவர் மொழி எழுத்தில் ஏதேதோ, நடுநடுவே பிக்கர், ஹெவியர், பெட்டர். ஒரு பக்கத்தில் வால் மாதிரி ஒரு படம்கூட இருந்தது. "டீச்சர்?" என்று கேட்டேன். அவர் போனைக் காதில் வைக்கிற மாதிரி காட்டி, "மை ஒய்ஃப் சிஸ்டர் ஹஸ்பண்ட்" என்றார். பிறகு ஒரு பெருமூச்சு விட்டார்.

சகலை. அந்தப் பெருமூச்சுக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. முப்பது வருடமாக நான் விடுகிற பெருமூச்சு அது. தோளில் கை போட்டேன். அவரும் போட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. ஏற்று, இறக்கு, நில் இந்த மூன்றையும் தமிழிலேயே சொல்லிக் கொடுத்தேன். மேலே, கீழே என்று கையைக் காட்டினால் யாருக்குத்தான் புரியாது. மெதுவுக்கு "மெல்ல" என்றேன், உள்ளங்கையை மெதுவாக இறக்கிக் காட்டி. "மெல்ல" என்றார், சுத்தமாக. அதைவிட மெதுவாக என்றால் என்ன சொல்வது என்று கையாலேயே கேட்டார். நான் யோசித்தேன். நம்மிடம் வால் இல்லையே. பிறகு தானாக வாயில் வந்தது. "மெல்ல மெல்ல." அவர் முகம் மலர்ந்துவிட்டது. சொன்ன சொல்லையே இன்னொரு முறை சொன்னால் போதும், எழுத்து மாறாது, ஒன்றும் கூடாது, விதிவிலக்கும் கிடையாது. அவர் மொழியில் அதற்கு ஒரு சொல் சொன்னார். தொண்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வர வேண்டிய சொல். மூன்று முறை முயன்றேன், இருமல் வந்ததுதான் மிச்சம். அவர் சிரித்துவிட்டு, "யூ மெல்ல, ஓக்கே" என்றார். அம்மா வாக்கிடாக்கியில் கேட்டுப் பார்த்தார். அவசரத்தில் தலை போனாலும் ல்ல என்று கேட்டது. இறக்கு என்பதோடு அது எந்த வகையிலும் சேரவில்லை. பொத்தானை அழுத்தி, மனத்துக்குள் ஒன்று என்று எண்ணி, அதன் பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்று ஹெல்மெட் ஐயா கையோடு ஒரு விதி போட்டார்.

அவர் ஏணியில் ஏறினார். ஏறி முடித்ததும் மேலிருந்து கையசைத்தார், எறும்பு கையசைத்த மாதிரி. நான் பொத்தானை அழுத்தினேன். ஒன்று என்று எண்ணினேன். "ஏற்று. மெல்ல" என்றேன். சங்கிலி இறுகியது. கான்கிரீட் கால்களை விட மனமில்லாமல் ஒரு சத்தம் போட்டது. "மெல்ல மெல்ல" என்றேன். கேபின் ஒரு விரல் எழும்பியது, பிறகு இரண்டு விரல், பிறகு கால்களிலிருந்து கலவை சொட்டச் சொட்ட முழுதாக எழும்பி, தூங்குகிற குழந்தையைத் தோள் மாற்றுகிற மாதிரி ஆடாமல் அசையாமல் முன்பக்கம் போய் உட்கார்ந்தது. யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள், அது கைதட்டலைவிட நன்றாக இருந்தது. ஹெல்மெட் ஐயா தலைக்கவசத்தைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அவருக்கு வழுக்கை என்றே நாங்கள் இவ்வளவு நாளும் நினைத்திருந்தோம். தலை நிறைய முடி.

இன்னொரு வண்டி கலவை வந்தது, பக்கப் பலகையை உயர்த்தி மேலே ஊற்றினார்கள், ஐந்து மணிக்குள் தரை எட்டு அங்குலம் ஆகிவிட்டது. என்னை யாரும் கிடங்குக்கு அனுப்பவில்லை. மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, "நீங்க இறக்கினது தப்பான இடம்தான். ஆனா சரியான நேரம்" என்றார். நான் நன்றி என்றேன். ஆங்கிலத் தேர்வு ரத்து. சுவரில் ஒட்டியிருந்த ஹையர், லோவர் பட்டியலைக் கிழித்துவிட்டார்கள். நானும் மேலே இருக்கிறவரும் இப்போது இடைவேளையில் ஒரே பெஞ்சில்தான் டீ குடிக்கிறோம். அவருடைய சகலை நல்லவராம், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாராம். நானும் தலையாட்டினேன், யாரையும் மனத்தில் வைத்துக்கொண்டு அல்ல.

ஆகவே சகலை, எனக்கு இப்போது நெஞ்சுச் சுமை இறங்கியிருக்கிறது. இந்த ஒரு வாரமாக நிம்மதியாகச் சாப்பிடுகிறேன், எந்தப் பொருளையும் எந்தப் பொருளோடும் ஒப்பிடாமல் வீட்டுக்குள் நடமாடுகிறேன். நாற்காலி நாற்காலியாக இருக்கிறது. மேசை மேசையாக இருக்கிறது. எது பெரியது என்று என்னை யாரும் கேட்பதில்லை. அர் என்ற அந்த வால் எங்கள் சைட்டை விட்டும் என் வாழ்க்கையை விட்டும் ஒழிந்தது. இரண்டு வாரம் உங்கள் தொண்டைத் தண்ணீரை வற்ற வைத்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் சொல்லிக் கொடுத்ததில் ஒரு சொல்கூட வீணாகவில்லை, ஸ்டாப்பர் ஒன்று மட்டும்தான் பயன்பட்டது என்றாலும், அது நீங்கள் சொல்லிக் கொடுக்காதது என்றாலும்.

அண்ணிக்கு என் வணக்கத்தையும் தங்கையின் விசாரிப்பையும் சொல்லவும். யார் மூத்தவர் என்பதில் எங்கள் வீட்டில் எந்தக் குழப்பமும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவும். மாமனார் மாமியார் காலைத் தொட்டு வணங்கியதாகச் சொல்லவும். எல்லோரும் அவரவர் உயரத்தில், அவரவர் வேகத்தில், நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாறாத அன்புள்ள
சின்ன சகலை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன், மாலை வந்து பிரித்து இதை எழுதுகிறேன். மேலே எழுதியதில் வால் ஒழிந்தது என்ற பகுதியை மட்டும் அடித்துவிட்டுப் படிக்கவும். இன்று காலை ஒரு குளிர்சாதனப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தோம். "மெல்ல மெல்ல" என்றேன். மேலிருந்து சந்தேகமாக ஒரு குரல் வந்தது. "மெல்லர்?" என்றது. பாவம், அவரும் இரண்டு வாரம் பாடம் கேட்டவர்தானே. எனக்கு வாய் முந்திக்கொண்டது, "ஆமா, மெல்லர்" என்றேன். பெட்டி பூப்போல இறங்கியது. மதியத்துக்குள் கொத்தனார்களிடம் பரவிவிட்டது. கலவையைச் சீக்கிரர் கொண்டுவா என்கிறார்கள், பலகையை ஓரர் நகர்த்து என்கிறார்கள். தலைமைக் கொத்தனார் மூட்டு இன்று நல்லர் என்றார். இதை வீட்டில் சொல்லிச் சிரித்தேன், உங்கள் கொழுந்தியாள் "கொஞ்சம் சும்மார் இருங்க" என்றாள். ஹெல்மெட் ஐயா மட்டும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் புரிகிறது, யாருக்கும் அடிபடவில்லை, ஆகவே இதையே விதியாக்கிப் புதிய பட்டியல் ஒட்டப் போகிறார். அதில் அவருக்கு ஒரு சந்தேகம். கீழே என்பதற்குக் கீழர் என்று எழுதுவதா, கீழேயர் என்று எழுதுவதா என்று உங்களைத்தான் கேட்டு எழுதச் சொன்னார். ஏழு மணிக்குப் போன் செய்கிறேன், எடுக்கவும்.